இசைத்தட்டும் இல்லமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பொழுதைக் கழிப்பதற்கென்றே அமைந்த பொழுதுபோக்குகள் பல. வாழ்நாள் முழுவதும் உடன் வந்து உள்ளத்தைப் பண்படுத்துவன சில. இல்லத்தில் நல்ல ஒலிக்கருவிகளை அமைத்து, இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்த்துக் கேட்டு மகிழ்வது அத்தகைய சிலவற்றுள் ஒன்று. இதனைச் செல்வர்தம் ஆடம்பரம் என்பாரும் உளர். பெரும்பொருள் விழுங்கும் கருவிகள் உண்டென்பது உண்மையே. இந்தப் புனே நகரிலேயே கேடன்ஸ் என்னும் நிறுவனம், மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலிதரும் உயர்வகை ஒலிபெருக்கிகளைச் செய்து பெயர் பெற்றது. ஆயினும் கருவி வழியே. குரலே நாம் சென்றடையும் ஊர்.

எவர் குரல் என்பீர்களாயின், இருவரைச் சொல்வேன். 1906ஆம் ஆண்டில் செங்கோட்டையில் பிறந்து, நாடக மேடையை ஆண்டு, 1933இல் இருபத்தேழு வயதிலேயே மறைந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா. தமிழில் பேசும்படம் பிறந்தது 1931இல். அவரோ திரையில் தோன்றாமலே மறைந்தார். அவர் குரல் நமக்கு எஞ்சியது இசைத்தட்டுகளினால்தான்.

மற்றவர் நாம் குடியேறிய இம்மண்ணுக்கு உரியவர். மிரஜ் நகரில் வாழ்ந்த அப்துல் கரீம் கான், கருநாடக இசையிலும் ஈடுபட்டுத் தியாகராசர் கீர்த்தனையைத் தட்டில் பாடிப் பதித்தார். 1937இல் சென்னையிலிருந்து புதுவைக்குச் செல்லும் வழியில், சிங்கப்பெருமாள் கோயில் இருப்புப்பாதை நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவருடைய மாணாக்கர் சவாய் கந்தர்வர் நினைவாகவே 1953இல் புனேயில் பீம்சேன் ஜோஷி இசைவிழாவைத் தொடங்கினார். மராட்டியத்தையும் தமிழகத்தையும் இணைக்கும் பாலமாக அத்தட்டு நிற்கிறது.

அக்காலத்துப் பத்தங்குலத் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே பாடும். அச்சிறு எல்லைக்குள் ஓர் இராகத்தின் உயிரை அடக்கிய ஆற்றலை என்னென்பது! 1948இல் வந்த நெடுந்தட்டோ ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கும் மேலாக இசைக்கும். இரண்டிற்கும் ஒரே ஊசி ஆகாது. பழந்தட்டின் ஊசிமுனை ஏறத்தாழ அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு. நெடுந்தட்டிற்கு ஒரு பங்கு அல்லது அதனினும் குறைவு. நுண்ணிய ஊசியைப் பழந்தட்டில் இட்டால் அது வரிப்பள்ளத்தின் அடியில் அலைந்து இரைச்சலையே வாரித்தரும். தொழிற்சாலைகளில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளந்து பழகிய கைகள் இம்மன்றத்தில் பல உண்டு. அவர்களுக்கு இந்நுட்பத்தை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பழந்தட்டு அரக்கினால் ஆனது. ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் அரக்குக் கரைந்து தட்டே பாழாகும். இவ்வூர் மழைக்காலத்தில் உறைகளில் பூஞ்சை படரும். ஆதலின் உலர்ந்த இடத்தில் தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தல் வேண்டும். கேட்பவரும் இரண்டு ஒலிபெருக்கிகளும் முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைவது நன்று. வெறுஞ்சுவரின் எதிரொலியைத் தணிக்க, தரையில் விரித்த ஒரு பவானி ஜமுக்காளமும் சாளரத்தில் ஒரு கனத்த திரையும் பெரிதும் உதவும். பொருளைக் காட்டிலும் பொறுமையே இங்குத் தேவை.

இனி, என் உள்ளத்தை உறுத்தும் ஒன்றைக் கூறி முடிக்கிறேன். பெரியவர் ஒருவர் மறைந்ததும், அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த தட்டுகள் பழம்பொருள் வணிகரின் மூட்டைக்குள் போய்விடுகின்றன. அரக்குத்தட்டு கைதவறி விழுந்தால் உடைந்துபோகும். உடைந்தது கடைசிப் படியாயின், அக்குரலும் அன்றே மாயும். 1990இல் மும்பையில் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம், இத்தகைய செல்வத்தைக் காக்கும் நோக்குடன் பழந்தட்டுகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டி வெளியிட்டது. நாமும் நம் அளவில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வீட்டில் தட்டுகள் இருப்பின் எடைக்குப் போடாதீர்கள். அவற்றின் பட்டியலை எழுதுங்கள், கணினியில் படியெடுங்கள், திங்களுக்கு ஒரு மாலை இம்மன்றத்தில் கூடிக் கேட்போம்.

இங்குப் பிறந்து மராத்தியும் இந்தியும் பயிலும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ், கண்வழி செல்லுமுன் செவிவழி செல்கிறது. அச்செவிக்குத் தெளிந்த தமிழ்க் குரலை வழங்குவது பெற்றோர் கடன். அக்கடனை இன்பமாகவே ஆற்ற இப்பொழுதுபோக்குத் துணைசெய்யும்.