நன்னூற் கணக்கும் ஒரு தமிழாசிரியரும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



ஆசிரியப் பயிற்சி என்பது அண்மைக்காலப் புதுமை என்று எண்ணுவோர் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், எழுத்தின் இலக்கணத்தைத் தொடங்குமுன் ஆசிரியருக்கே இலக்கணம் வகுத்தார். நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றின் இயல்புகள் ஆசிரியர்பால் அமைய வேண்டும். அவர் சினவாமலும் விரையாமலும் கேட்போன் கொள்ளும் அளவறிந்தும் உரைக்க வேண்டும். கற்போனுக்கு முனிவர் கூறும் கணக்கு இன்னும் நுட்பமானது. ஆசானிடம் பெறுவது புலமையில் காற்பங்கு. உடன்பயில்வோருடன் பழகிப் பெறுவது இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வந்து சேரும்.

இக்கணக்கை வாழ்ந்து காட்டியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பயின்று, 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே, அவ்வூர் முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அவர் படித்த நூல்கள் யாவை என்று வினவினார். ஐயர் சொன்ன நெடும்பட்டியல் முதலியாரை நிறைவு செய்யவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்ற கேள்விக்கு அவரிடம் விடையில்லை. காற்பங்கே தம்மிடம் இருப்பதை அந்த இளம் ஆசிரியர் அன்று உணர்ந்தார்.

அடுத்த காற்பங்கை அளித்தவர்கள் சமணப் பெருமக்கள். சிந்தாமணி ஏட்டைக் கையில் வைத்திருந்தும் சமயக் கொள்கைகள் விளங்காமல் தவித்த ஐயர், கும்பகோணத்துச் சந்திரநாத செட்டியார் இல்லத்தை நாடினார். வீடூர் அப்பாசாமி நயினாரின் துணையும் அவருக்குக் கிட்டியது. வீடூர், கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து ஊர். கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தவர், இவர்கள் முன் மாணவராக அமர்ந்தார். சைவ மரபில் ஊறிய அவர் வினவ, இவர்கள் ஒளிக்காது உரைத்தனர். சிந்தாமணியில் அவர் கொண்ட ஈடுபாட்டைக் கண்டு அவரைப் ‘பவ்ய ஜீவன்’ என்றே மதித்தனர்.

எஞ்சிய அரைப்பங்குக்கு அவர் கையாண்ட கருவி அச்சு. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். செய்யுளும் உரையும் இடைவெளியின்றித் தொடரும். ஆசானிடம் பாடம் கேட்டவருக்கே அது வாய்திறக்கும். ஐயர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தெளிந்து, 1887-இல் சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்டார். செய்யுள் வேறு, உரை வேறு என்று பிரித்தார். நூலாசிரியர், உரையாசிரியர் வரலாறுகளை எழுதிச் சேர்த்தார். நாளடைவில் அடிக்குறிப்பும் அரும்பத அகராதியும் அவர் பதிப்புகளின் அடையாளங்களாயின. ஆசான் அருகில் இல்லாத மாணவனுக்கும் இவையே ஆசானாயின. அச்சு எழுத்தைப் பெருக்கிற்று. அதனைக் கற்பிக்கும் கருவியாக்கியது ஓர் ஆசிரியரின் உழைப்பு.

கும்பகோணத்திலும் பின் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பணியாற்றி 1919-இல் ஓய்வு பெற்றார். ஆயினும், ஏறக்குறைய எழுபதாம் வயதில், 1924-இல், சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்று 1927 வரை நடத்தினார். அங்குத் தமிழ் பயில்வோர் நாளை பிறர்க்குப் பயிற்றுவிப்போர் அல்லரோ? அவ்வாண்டுகளிலும் பதிப்புப்பணி நிற்கவில்லை. 1918-இல் சமணராகிய மயிலைநாதரின் உரையோடு நன்னூலைத் தந்தவர், 1924-இல் கொங்குவேளிரின் பெருங்கதையையும், 1925-இல் சங்கரநமச்சிவாயர் உரையோடு நன்னூலையும் தந்தார். ஆசிரியருக்கு இலக்கணம் சொன்ன நூல், ஆசிரியர்களை ஆக்கும் பொறுப்பிலிருந்தவர் கையாலேயே வெளிவந்தது.

பெருமக்களே! இன்று ஏடுகள் ஒளிப்படங்களாகிக் கணினியில் ஏறுகின்றன. கைப்பேசியிலேயே காப்பியம் படிக்கலாம். மகிழத்தக்கதே. ஆனால் படத்தில் பதிந்த ஏடும் பழைய ஏட்டைப் போலவே வாய்பேசாது. குணத்தானம் யாது, அனுப்பிரேட்சை யாது என்று பேரப்பிள்ளை வினவும்போது விடை கூறும் முதியவர் வீட்டில் இருந்தால்தான் அது பேசும். அன்று ஐயர் தேடி வந்தது ஏட்டை மட்டுமன்று; அதற்குப் பொருளுரைக்கும் நாவையும் தேடி வந்தார். இன்று ஒருவர் அவ்வாறு வந்து கதவைத் தட்டினால், எத்தனை இல்லங்களில் விடை கிடைக்கும்?

கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரே பண்டைப் பாடலி என்பர் ஆய்வாளர். அங்குச் சர்வநந்தி முனிவர் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், பாகதத்தில் உலோகவிபாகம் எழுதி முடித்தார். அம்மூலம் இன்று கிடைக்கவில்லை. பிற்காலத்துச் சிம்மசூரி அதனை வடமொழியில் எடுத்துரைத்ததனாலேயே அதன் செய்தி நின்று நிலவுகிறது. ஏடு அழிந்தது, எடுத்துரைத்தது வாழ்கிறது.

ஆகவே, வாரம் ஒரு நாள், சிந்தாமணியில் ஒரு பாடலையேனும் பெரியோர் ஒருவர் இல்லத்துச் சிறார்க்கு உரைப்பாராக. கேட்கும் சிறாருக்குக் கிடைப்பது காற்பங்கு. உரைக்கும் பெரியவருக்கோ அரைப்பங்கு. பவணந்தியார் கணக்கு பொய்க்காது.

வாழ்க அறம்! வளர்க கல்வி!