கட்டுமரமும் நமது கடற்பயணமும்



வரும் விடுமுறையில் காலனிக் குடும்பங்கள் ஒன்றுகூடி, அந்தமானில் 'காட்டமரான்' படகொன்றை வாடகைக்கு அமர்த்தித் தீவுகளைச் சுற்றிவரலாம் என்று பேச்சு நடைபெறுகிறது. மகிழ்ச்சியே. அச்சொல் நம் கட்டுமரத்தினின்று உலகெங்கும் சென்ற சொல்லன்றோ! ஆயின் நம் மீனவர் மரங்களைக் கயிற்றால் பிணைத்து அமைப்பது வேறு. இரு ஓடங்களை இணைத்து மேலே தளமிட்ட இப்படகு வேறு. அகன்று நிற்பதால் எளிதிற் சாயாது. எனினும் எதற்கும் ஓர் அளவுண்டு.

2014 ஜனவரி 26 அன்று, அப்போது போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்துக்கு அருகே உல்லாசப் படகொன்று கவிழ்ந்து 21 பேர் மாண்டனர். அவருட் பலர் காஞ்சிபுரத்திலிருந்து கூட்டமாக வந்த நம்மவர். படகில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர். நான் ரயில்வே குமாஸ்தா. மூவர் இருக்கையில் ஐவர் அமர்வதை அன்றாடம் காண்பவன். 'சற்றே நகருங்கள்' என்னும் நம் வழக்கம் கடலிற் செல்லாது.

ஆகவே முன்பணம் கொடுக்குமுன் படகின் உரிமச் சீட்டை வாங்கிப் படிப்போம். அதிற் கண்ட தொகைக்கு மேல் ஒருவரும் ஏறலாகாது. மடிக்குழந்தையும் ஓர் ஆளே. மிதவைச் சட்டை குழந்தைகளுக்கு அவர்தம் அளவிலேயே வேண்டும். வடக்கு சென்டினல் தீவை எட்டிப் பார்க்கலாமென்று படகோட்டியை எவரும் வற்புறுத்த வேண்டா. பழங்குடியினர் காப்புக்கான 1956-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி அது தடை.

இதுவரை பெயர் கொடுத்தோர் 41 பேர். ஒரே படகில் அடங்காவிடில் இரு நடையாகச் செல்வோம்.