மெல்லிசை நிலையமும் இளைய செவியும்



கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் வெள்ளறடை. அங்கிருந்து சிறிது தொலைவு சென்றால் தமிழ்நாட்டின் விளவங்கோடு வட்டம் வந்துவிடும். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கல் நிலத்தைப் பிரிக்கும், வானலையைப் பிரிப்பதில்லை. பாறசாலையிலும் வெள்ளறடையிலும் ஒரே வானொலிப் பெட்டியில் மலையாளமும் கேட்கும், தமிழும் கேட்கும்.

அவ்வூர்களில் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. அவற்றின் பிள்ளைகள் பலர் பள்ளியில் வேறு மொழியில் பயில்கின்றனர். அவர்களுக்குத் தமிழ் எழுத்தாக வருவதைக் காட்டிலும் ஒலியாக வருவதே மிகுதி. மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் உங்கள் இல்லங்களிலும் நிலைமை இதுதான் அன்றோ? ஆகவே, மென்மையான பாடல்களை ஒலிபரப்பும் நிலையம் இளையோரை எவ்வாறு தன்பால் ஈர்க்கிறது என்னும் கேள்வி வெறும் பொழுதுபோக்குப் பற்றியதன்று; மொழியின் தொடர்ச்சியைப் பற்றியதும் ஆகும்.

முதலில் ஒரு பழைய பாடத்தை நினைவுகூர்வோம். 1952இல் டாக்டர் பி. வி. கேஸ்கர் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் பெரிதும் குறைக்கப்பட்டன. சாஸ்திரீய சங்கீதத்துக்கு முதலிடம் தரப்பட்டது. திரைப்பாடலுக்கு ஈடாக, நிலையங்களே இசையமைத்து மெல்லிசைப் பாடல்களை உருவாக்கின. நோக்கம் உயர்ந்ததுதான், ஆனால் நேயர்கள் காத்திருக்கவில்லை. பெட்டியின் குமிழைத் திருகினார்கள். இலங்கை வானொலி கிடைத்தது. அதன் வர்த்தக ஒலிபரப்பும், எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்களின் குரலும் தென்தமிழகம் எங்கும் வீட்டுக்கு வீடு ஒலித்தன. 1957ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பட்ட பின்னரே, இழந்த நேயர்கள் சிறிது சிறிதாகத் திரும்பினர். இளைஞர் விரும்பும் பாட்டை மறுத்தால் அவர் பாட்டை விடமாட்டார். நிலையத்தையே விட்டுவிடுவார் என்பது அன்று கற்ற பாடம்.

அப்படியானால் மெல்லிசை நிலையம் தன் இயல்பை மாற்றிக்கொண்டு ஆரவாரப் பாடல்களைப் பொழிய வேண்டுமா? வேண்டியதில்லை. அனுபவமுள்ள நிலையங்கள் வேறு வழிகளைக் கையாளுகின்றன.

முதலாவது, காலத்தின் எல்லையை நகர்த்துவது. ‘மென்மை’ என்பது பாட்டில் மட்டும் இருப்பதன்று. கேட்பவரின் வயதிலும் இருக்கிறது. 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது அதன் பாடல்கள் இளைஞரின் பாடல்கள். இன்று அவை முதியோர் அமைதியாகக் கேட்கும் பாடல்கள். 1992இல் ‘ரோஜா’ புதுமை. அன்றைய மாணவர்கள் இன்று நடுவயதினர். ஆண்டுகள் செல்லச் செல்ல, நிலையம் தன் இசைத்தொகுப்பின் ஒரு முனையில் சில பழைய பாடல்களைக் குறைத்து, மறுமுனையில் சில புதியவற்றைச் சேர்க்கிறது.

இரண்டாவது, அடுக்கும் முறை. அறிமுகமான இரண்டு பாடல்களுக்கு நடுவே ஒரு புதிய பாடலை வைப்பார்கள். அதுவும் முன்பின் உள்ளவற்றோடு வேகத்திலும் குரலின் தன்மையிலும் ஒத்ததாயிருக்கும். கேட்பவர் அறியாமலேயே பத்து, இருபது ஆண்டுகளைக் கடந்துவிடுகிறார்.

மூன்றாவது, பொழுதறிந்து வழங்குவது. வேலைக்குப் புறப்படும் காலையில் சற்று விரைவான பாடல். இரவில் தாலாட்டை ஒத்த பாடல். இவை தவிர, அறிவிப்பாளரின் பேச்சும் சுருங்குகிறது. மேல்நாடுகளில் ஒவ்வொரு பாட்டிலும் சில நொடிகளை மட்டும் நேயர் குழுவுக்கு ஒலிக்கச் செய்து, பிடித்தது, சலித்தது என்று கணக்கெடுத்தே பட்டியல் அமைக்கின்றனர்.

ஆயினும் இந்த நகர்தலுக்கு ஒரு விலை உண்டு. பிரிட்டனில் 1967 செப்டம்பர் 30ஆம் நாள் பி.பி.சி. தன் ஒலிபரப்புகளைப் பிரித்து, இளைஞருக்கு ரேடியோ ஒன்று என்றும், மெல்லிசை நேயருக்கு ரேடியோ இரண்டு என்றும் அமைத்தது. தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து ரேடியோ இரண்டும் இளைய தலைமுறையை நோக்கி நகரலாயிற்று. தங்கள் பாடல்கள் குறைந்துவிட்டன என்று முதியோர் பலர் வருந்தினர். 2021இல் அத்தகையோருக்கென்றே பூம் ரேடியோ என்னும் தனியார் நிலையம் தோன்றியது. ஒருவரை அழைக்க மற்றவரை எழுப்பிவிட்ட பந்தி இது.

பிரிட்டனில் பிரிந்து கேட்பதால் பெரிய நஷ்டம் இல்லை. வீதியிலும் பள்ளியிலும் அவர்கள் மொழிதான். எல்லைப்புறத்துத் தமிழ் வீட்டில் கதை வேறு. பாட்டிக்கு ஓர் அலைவரிசை, பேரனுக்கு வேறோர் அலைவரிசை என்றால், இருவரும் சேர்ந்து கேட்கும் தமிழ் குறைந்துபோகும். பாட்டின் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்க பேரனுக்கு வாய்ப்பில்லை. சொல்லித்தரப் பாட்டிக்கும் வாய்ப்பில்லை. ஆதலால் அவ்வூர்களுக்கு ஏற்றது பிரிக்கும் முறையன்று, அடுக்கும் முறையே. 1984இல் நாகர்கோவிலில் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் ஏற்பட்டது. அத்தகைய உள்ளூர் நிலையத்திற்கு இது இயல்பாகவே கைவரக்கூடிய பணி. ஊர்ப்பேரைச் சொல்லி, முதியவர் விரும்பிய பாட்டையும் மாணவி விரும்பிய பாட்டையும் ஒரே நேயர் விருப்பத்தில் அடுத்தடுத்து வைத்தால், வீடு முழுவதும் ஒரே பெட்டியின் முன் அமரும்.

பண்பலை எட்டாத தொலைவில் வாழும் உங்களுக்கும் இன்று வழி உண்டு. கைப்பேசியில் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலி வாயிலாக நம் வானொலியின் தமிழ் ஒலிபரப்புகளைக் கேட்கலாம். ஆனால் காதுக்குள் தனித்தனியே செருகிக்கொண்டு கேளாதீர்கள். கூடத்தில் வைத்துக் கேளுங்கள். பிள்ளை விரும்பும் பாடலை நீங்கள் முழுதும் கேளுங்கள். பிறகு உங்கள் பாடலை அவன் கேட்பான். நிலையத்துக்கும் உங்கள் விருப்பத்தை எழுதுங்கள். இருவர் விருப்பத்தையும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள்.

பாட்டுகள் மாறிக்கொண்டேதான் இருக்கும். அவற்றைச் சேர்ந்து கேட்கும் பழக்கம் நிலைத்தால் போதும். மொழியும் உடன் நிற்கும்.