ஜினராத்திரி: தையிலா, மாசியிலா?

(ஒரகடம் வட்டாரத்தில் குடியேறி வாழும் நம் குடும்பங்களின் ஜினராத்திரி வழிபாட்டில் நிகழ்த்திய உரை)

 

இங்குள்ள மோட்டார் வாகனத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் நம் வீட்டுப் பிள்ளை சென்ற ஆண்டு என்னிடம் ஒரு வினா எழுப்பினார். “ஐயா, என்னுடன் வேலை செய்யும் மத்தியப் பிரதேசத்து நண்பரும் திகம்பரச் சமணரே. ஆதிநாதர் வீடுபேறு எய்திய நாளை அவர் தை மாதத்திலேயே கொண்டாடிவிட்டார். நாம் ஒரு திங்கள் கழித்து மாசியில் கொண்டாடுகிறோம். பகவான் இருமுறையா முக்தி அடைந்தார்?” என்றார். உடனிருந்தோர் நகைத்தனர். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. 2025ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வடநாட்டார் கொண்டாடியது ஜனவரி 28ஆம் நாள். மறுநாள் தை அமாவாசை. நாம் கண்விழித்தது பிப்ரவரி 26ஆம் நாள் இரவு. ஒன்று முன்பனி, மற்றது பின்பனி. ஒரே நிகழ்ச்சி இரு பருவங்களில் எவ்வாறு நிகழும்?

விடை பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆதிபகவன் கயிலை என்னும் அட்டாபத மலையில் வீடுபேறு எய்தியது மாக மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசி என்பது திகம்பர மரபு. சுவேதாம்பரர் ஒரு நாள் முன்னதாகத் திரயோதசியைக் கொள்வர். வடக்கே சந்திர மாதம் முழுநிலவோடு முடிகிறது; அதற்குப் பூர்ணிமாந்தம் என்று பெயர். தெற்கே அது அமாவாசையோடு முடிகிறது, அது அமாந்தம். வளர்பிறைக்கு இரு முறையிலும் மாதப் பெயர் ஒன்றே. ஆகவே பால்குன வளர்பிறை அட்டமி தொடங்கி முழுநிலவு வரை எட்டு நாள் நடக்கும் நந்தீசுவர வழிபாட்டில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. தேய்பிறையில்தான் பெயர் மாறுகிறது. வடக்கே மாகத் தேய்பிறை எனப்படுவது தெற்கே முந்தைய மாதமாகிய பௌஷத்தின் தேய்பிறை. தெற்கே மாகத் தேய்பிறை எனப்படுவதோ ஏறக்குறைய முப்பது நாள் கழித்து வருவது. அதுவே மகாசிவராத்திரி வரும் தேய்பிறை.

அப்படியானால் நூல் எந்த முறையைக் கொண்டு பேசுகிறது? இங்கேதான் நாம் சற்று நின்று படிக்க வேண்டும். நம் ஸ்ரீபுராணத்துக்கு மூலமாகிய மகாபுராணத்தின் முதற்பகுதி, ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனாசாரியார் இயற்றிய ஆதிபுராணம். அவர் முடிக்காது விட்ட பகுதியை மாணாக்கர் குணபத்திரர் நிறைவு செய்தார். பகவான் பௌஷ மாதத்து முழுநிலவு நாளில் கயிலையில் யோகத்தில் அமர்ந்தார் என்றும், செய்தி அறிந்து வந்த பரத சக்கரவர்த்தி பதினான்கு நாள் வழிபாடு செய்தார் என்றும், மாகத் தேய்பிறைச் சதுர்த்தசியன்று கதிரவன் எழும் வேளையில் கிழக்கு நோக்கிய நிலையில் பகவான் முக்தி எய்தினார் என்றும் அந்நூல் கூறுகிறது. பௌஷ முழுநிலவிலிருந்து பதினான்கு நாள் எண்ணுங்கள். அடுத்து வரும் சதுர்த்தசியில்தான் போய் நிற்பீர்கள். அதற்கடுத்த மாதத்துச் சதுர்த்தசிக்கு நாற்பது நாளுக்கு மேல் வேண்டும். ஆகவே நூலாசிரியர் கொண்டது பூர்ணிமாந்தம். அவர் சொல்லும் நாள் நமக்குத் தை அமாவாசைக்கு முன்னாள்.

தீபாவளியில் இந்தக் குழப்பம் நமக்கு நேரவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். வர்த்தமானர் பாவாபுரியில் வீடுபேறு எய்தியது கார்த்திகைத் தேய்பிறை என்று நூல் சொல்லும். நாம் அதைக் கார்த்திகைக்குத் தள்ளவில்லை, ஐப்பசியிலேயே கொண்டாடுகிறோம். அங்கே நாள் நிலைத்தது, பெயர் மாறிற்று. ஜினராத்திரியிலோ பெயர் நிலைத்தது, நாள் நகர்ந்தது. ஊர் முழுதும் மாசியில் கண்விழிக்கும்போது நம் முன்னோரும் அவ்விரவிலேயே விழித்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இதைச் சொல்லும்போது நம்மில் சிலருக்கு வருத்தம் உண்டாகும் என்பதை அறிவேன். சிவராத்திரியே நம்மிடமிருந்து சென்றதுதான் என்று மேடைதோறும் பேசி வருகிறோம். மயிலை சீனி. வேங்கடசாமி அவர்களும் அக்கருத்துப்பட எழுதியிருக்கிறார். தமிழ்ச் சமணத்துக்கு அவர் செய்த தொண்டுக்கு நாம் தலைவணங்க வேண்டும். சிவகதி என்னும் சொல் வீடுபேற்றைக் குறிப்பதும், சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் சாரணர் அருகனை வாழ்த்தும் இடத்தில் அது வருவதும் உண்மையே. எனினும் இரு விழாக்களும் மாசியில் ஒரே இரவில் வருவதை ஒரு சான்றாகக் காட்டுவது இனிச் செல்லாது. நம் நூலே அந்நாளைத் தையில் வைத்திருக்கும்போது, மாசியில் நேர்ந்த பொருத்தத்தைக் கொண்டு சைவ அன்பரிடம் வழக்காடுவது தமிழாசிரியனாகிய எனக்கு முறையாகத் தோன்றவில்லை. தொழிற்சாலைப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமர்பவரோடு இதைப் பற்றிச் சண்டையிட்டதாக இரண்டு பிள்ளைகள் என்னிடம் சொன்னார்கள். வேண்டாம்.

அப்படியானால் மாசி இரவை விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. பாட்டிமார் நோன்பிருந்த இரவு அது. நம் ஊர்க் கோயில்களில் அபிடேகம் நடக்கும் இரவு. அதை நிறுத்தினால் பிள்ளைகள் தைக்கு மாறமாட்டார்கள், இரண்டையும் மறந்துவிடுவார்கள். மாசி இரவு இருக்கட்டும். தை அமாவாசைக்கு முந்தைய வைகறையையும் அதனுடன் சேர்த்துக்கொள்வோம்.

இந்த ஊரில் அது கடினமும் அன்று. ஆதிபகவன் மக்களுக்கு வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என ஆறு தொழில்களைக் கற்பித்தார் என்பர். நம் தாத்தாக்கள் உழவால் வாழ்ந்தார்கள். தைப்பொங்கல் அவர்களுக்கு அறுவடைத் திருநாள். பேரப்பிள்ளைகள் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஆறாவதாகிய சிற்பத்தால், அதாவது கைத்தொழிலால் வாழ்கிறார்கள். அவர்களுடைய இடர் வேறு. இரண்டாம் ஷிப்டில் உணவு இடைவேளை வருமுன் பொழுது சாய்ந்துவிடுகிறது. இரவுண்ணாமை காப்பவர் கேண்டீன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நள்ளிரவில் பசியோடு வீடு திரும்புகிறார். அந்த அன்னையரின் கவலையை நான் அறிவேன். ஷிப்டுக்குப் புறப்படும்போதே கட்டிக்கொடுத்து, கதிர் மறையுமுன் பத்து நிமிடம் கேட்டுப் பெற்று உண்ணச் சொல்லுங்கள். கேட்டால் மறுக்காத மேற்பார்வையாளர் பலர் உண்டு.

தைச் சதுர்த்தசிக்கோ இரவுப் பணியாளரே மிகவும் ஏற்றவர். அவர் விழித்திருக்க வேறு முயற்சி தேவையில்லை. பணி முடிந்து பேருந்தைவிட்டு இறங்கும் வேளையில் கிழக்கு வெளுக்கும். சாலையோரத்தில் காலணியைக் கழற்றிவிட்டு, கிழக்கு நோக்கி நின்று பஞ்ச நமஸ்காரம் சொன்னால் போதும். வீட்டில் இருப்போர் நீராடி அதே நேரத்தில் சொல்லுங்கள்.

அன்று விடுப்புக் கிடைப்பவர் வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிக்குச் செல்லலாம். திருப்பருத்திக்குன்றத்தில் விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88இல் எழுப்பிய சங்கீத மண்டபத்து விதானத்தில் ஆதிநாதர் வரலாறு வண்ண ஓவியமாக இருக்கிறது, 1934இல் டி. என். இராமச்சந்திரன் தம் நூலில் அதைக் காட்சி காட்சியாக விளக்கியுள்ளார். குழந்தைகளை அண்ணாந்து பார்க்கச் செய்து கதை சொல்லுங்கள். காஞ்சிக்குத் தெற்கே ஆர்ப்பாக்கத்தில் ஆதிநாதரே மூலவராக எழுந்தருளியிருக்கிறார். வரும் தையில் அங்கே செல்ல அறக்கட்டளை வேன் ஏற்பாடு செய்யுமாயின் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். விடியுமுன் புறப்பட வேண்டும். கதிரவன் எழும்போது நாம் சன்னதியில் இருக்க வேண்டும்.