நிக்காஹ் தஃப்தரிலிருந்து ஆய்விதழுக்கு

(மணவூரில் நடந்த கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியின் அவசியம் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதே தலைப்பில் இதே இடத்தில் நானே மூன்று தடவை பேசிவிட்டேன். கேட்டவர்களும் நீங்கள்தான். அதனால் இன்றைக்கு வேறு ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

போன மாதம் அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. எம்.ஏ. வரலாறு படிக்கும் தம்பி ஒருவர், தன் ஆய்வுக் கட்டுரையை ஒரு "சர்வதேச" ஆய்விதழில் வெளியிட 3,500 ரூபாய் கேட்டிருந்தார். ஏழு நாளில் அச்சாகிவிடுமாம், சான்றிதழும் தருவார்களாம். செயலாளர் அதை என்னிடம் காட்டி, "கொடுக்கலாமா சார்?" என்று கேட்டார். கொடுக்க வேண்டாம் என்றேன். அந்தத் தம்பி இப்போது இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். தப்பு அவர் மேல் இல்லை. பி.எச்.டி. சேர வேண்டுமானால் கட்டுரை அச்சாகியிருக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், பிள்ளை பயந்துவிட்டது.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிப்படி, பி.எச்.டி. மாணவர் ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் வந்திருக்க வேண்டும். லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கட்டுரை தேவைப்பட்டதும், பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் கடைகள் ஊரெல்லாம் முளைத்தன. 2018 மே மாதம் மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது. பிறகு 2022 விதிகளில் அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள். சில பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் இன்னும் கேட்கலாம், அதைச் சேரும் இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். விதி போனது, கடைகள் போகவில்லை. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்று காட்டுவார்கள். அது இதழைப் பதிவு செய்ததற்கான எண், அவ்வளவுதான். உள்ளே இருப்பது சரியா தப்பா என்று அந்த எண்ணைக் கொடுப்பவர்கள் பார்ப்பதில்லை.

அப்படியானால் நல்ல ஆய்விதழ் என்ன செய்கிறது? நம் வீடுகளில் இதைப் புரியவைப்பது சுலபம். ஹதீஸ் கலையில் இஸ்னாத் என்று ஒன்று இருப்பது மதரஸாவில் ஓதிய பிள்ளைக்கும் தெரியும். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று ஒவ்வொரு கண்ணியையும் சோதித்த பிறகுதான் ஏற்றார்கள். வரலாற்று ஆய்விதழும் தன் அளவில் அதைத்தான் செய்கிறது. கட்டுரை போனதும் எழுதியவர் பெயரை மறைத்து, அந்தத் துறை தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். அவர்கள் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்பார்கள். எந்த ஆவணம், எந்த அலுவலகம், என்ன எண், என்ன தேதி? அடிக்குறிப்பு என்று பக்கத்தின் கீழே பொடி எழுத்தில் இருக்கிறதே, அதுதான் கட்டுரையின் சனத்.

சோதிக்கக் காலம் பிடிக்கும். ஏழு நாளில் முடிகிற வேலை இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறது. அத்தா தையல் கடை வைத்திருந்தார். எம்.ஏ. ஆய்வேட்டுக்கு என்ன எடுக்கலாம் என்று என்னிடம் வந்தது. திப்பு சுல்தான் பற்றி எழுதுகிறேன் என்றது. நம் பிள்ளைகள் எல்லோரும் முதலில் திப்புவிடம்தான் போவார்கள்! திப்புவைப் பற்றி எழுத உலகம் முழுக்க ஆள் இருக்கிறது, உன் ஊரைப் பற்றி எழுத உன்னை விட்டால் யார் என்றேன். பெண்ணுக்கு முகம் சுருங்கிப்போனது.

நம் பகுதியின் கதை உங்களுக்குத் தெரியும். திருத்தணி வட்டம் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலானவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு சென்னை மாநிலத்துக்கு வந்தது. நம்மில் பலர் வீட்டுப் பழைய பத்திரம் தெலுங்கில் இருப்பது அதனால்தான். எல்லை மாறியபோது நம் குடும்பங்களில் என்ன மாறியது? பெண் எடுப்பதும் கொடுப்பதும் புத்தூர், நகரி, சித்தூர் பக்கமே தொடர்ந்ததா, அல்லது காஞ்சிபுரம், வேலூர், சென்னை பக்கம் திரும்பியதா? இதற்கு விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. பள்ளிவாசலின் நிக்காஹ் தஃப்தரில் இருக்கிறது. மாப்பிள்ளை ஊர், பெண் ஊர், வலீ, சாட்சிகள், மஹர் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கிறதே! அந்தப் பெண் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

முதல் பள்ளிவாசலில் தஃப்தரே இல்லை. வெள்ளை அடித்தபோது பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்களாம். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இரண்டாவது ஊரில் முத்தவல்லி பீரோவைத் திறந்து காட்டினார், வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டேன், இங்கேயே உட்கார்ந்து பார் என்றார். அது நியாயம். பழைய பக்கங்கள் உருதுவில் இருந்தன. பெண்ணுக்கு உருது பேச வரும், படிக்க வராது. ஹஜ்ரத் லுஹருக்கும் அஸருக்கும் நடுவில் படித்துச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நானியை உட்கார வைத்துக்கொண்டு நோட்டில் எழுதியது. இப்படியே ஒரு கோடை விடுமுறை முழுக்கப் போனது.

ஆய்வேடு முடிந்ததும் அதைச் சுருக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பச் சொன்னேன். ஐந்து மாதம் பதிலே இல்லை. அப்புறம் வந்தது, மூன்று பக்கம் குறைகள். "எங்கள் சமுதாயம் ஐந்நூறு ஆண்டுகளாக இங்கே வாழ்கிறது" என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தது. அதற்கு ஒரே ஒரு கேள்வி: ஆதாரம் என்ன? பெண் அழுதுகொண்டே போன் செய்தது, "எல்லோரும் சொல்றதுதானே சார்?" என்றது. எல்லோரும் சொல்வது ஆதாரம் ஆகாது என்றேன். அந்த வரியை எடுத்துவிட்டு, தஃப்தர் எந்த ஆண்டில் தொடங்குகிறதோ அந்த ஆண்டிலிருந்து மட்டும் பேசியது. இன்னொரு குறை எனக்கே உறைத்தது. மணப்பெண்களின் பெயர்களை அப்படியே எழுதியிருந்தோம். உயிரோடு இருப்பவர்களின் குடும்ப விவரத்தை ஏன் வெளியிடுகிறீர்கள், ஜமாஅத் அனுமதி எங்கே என்று கேட்டிருந்தார்கள். பெயரை எல்லாம் நீக்கி ஊரை மட்டும் வைத்தோம், முத்தவல்லியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கினோம். நான் முப்பது வருடம் பாடம் நடத்தியவன், இது எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

முதல் தடவை அனுப்பியதிலிருந்து அச்சாகிக் கைக்கு வர இரண்டு வருடம் ஆனது. பதினாறு பக்கம். ஒரு பைசா கட்டவில்லை.

இடையில் அந்த வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். "இதில் என்ன சம்பளம் வரும்? வயசு ஏறுதே" என்று உறவினர்கள் அத்தாவைக் குடைந்தார்கள். அவர் எதிர்த்துப் பேசத் தெரிந்தவர் இல்லை. பெண் வெளியூர் பள்ளிவாசலுக்குப் போகும் நாட்களில் மட்டும் கடையை மூடிவிட்டுக் கூடவே போனார். அவர் செய்தது அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் கட்டுரையும் இல்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக பி.எச்.டி. பட்டம் பெற்ற பெண் சி. மீனாட்சி. 1936இல் வாங்கினார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து தாயார் வளர்ப்பில் படித்தவர். பல்லவர் கால ஆட்சியும் சமூக வாழ்க்கையும் பற்றிய அவருடைய ஆய்வேட்டைப் பல்கலைக்கழகமே 1938இல் நூலாக வெளியிட்டது. 1940இல், முப்பத்தைந்து வயது நிறைவதற்குள் இறந்துபோனார். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் சிற்பங்கள் பற்றி அவர் எழுதியதை அடுத்த ஆண்டு தொல்லியல் துறை அச்சிட்டது. பல்லவர் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அந்த நூல்களை எடுத்துக் காட்டுகிறார்கள். மாணவியாக இருந்தபோது செய்த வேலை அது.

இதெல்லாம் நமக்கு ஒட்டாத துறை என்று நினைக்க வேண்டாம். 1921இல் 'ஜர்னல் ஆஃப் இந்தியன் ஹிஸ்டரி' என்ற ஆய்விதழைத் தொடங்கியவர் அலகாபாத் பல்கலைக்கழகத்தின் ஷஃபாஅத் அஹ்மத் கான். பிறகு அது சென்னையில் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் பொறுப்புக்கு வந்தது. இந்திய வரலாற்றுப் பேரவை 1935இல் புனேயில் முதன்முதலாகக் கூடியபோது தலைமை வகித்தவரும் அதே கான் சாகிப்தான். ஆர்க்காட்டு நவாபுகளின் கதையைச் சொல்லும் 'துஸுக்கே வாலாஜாஹி' என்ற பாரசீக நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1934இல் சென்னைப் பல்கலைக்கழகம் வழியாகக் கொண்டுவந்தவர் எஸ். முஹம்மது ஹுஸைன் நைனார். தமிழ் முஸ்லிம்களின் கடல் வணிகம் பற்றி ஜெ. ராஜா முகமது எழுதிய நூலை 2004இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. நாம் எழுதாத காலம் என்று ஒன்று இருந்ததில்லை. நடுவில் கொஞ்சம் மறந்துவிட்டோம்.

இனி பிள்ளைகளுக்கு. எங்கே அனுப்புவது என்று கேட்கிறீர்கள். இந்திய வரலாற்றுப் பேரவை, தென்னிந்திய வரலாற்றுப் பேரவை, தமிழ்நாடு வரலாற்றுப் பேரவை ஆகியவற்றின் கூட்டங்களில் மாணவர்கள் கட்டுரை படிக்கலாம். தேர்ந்தெடுத்தவற்றைத் தொகுதியாக அச்சிடுகிறார்கள். உறுப்பினர் கட்டணம், பதிவுக் கட்டணம் இருக்கும். அது கூட்டத்தில் கலந்துகொள்ளும் செலவு, அச்சுக்கு விலை இல்லை. அறக்கட்டளை தாராளமாகக் கொடுக்கலாம். ஊரில் புதிதாக ஒரு கல்வெட்டு கண்ணில் பட்டால் தஞ்சாவூர் தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் நடத்தும் 'ஆவணம்' இதழ் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் வரலாற்றுக் கட்டுரைகளுக்கென்றே அமெரிக்காவில் 1987இல் வில் ஃபிட்ஸ்ஹியூ என்ற ஆசிரியர் 'தி கன்கார்ட் ரிவ்யூ' என்று ஓர் இதழைத் தொடங்கினார். எந்த நாட்டுப் பிள்ளையும் அனுப்பலாம். வருவதில் மிகச் சிலவே அச்சாகும், ஆங்கிலமும் நன்றாக இருக்க வேண்டும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளையும் இப்படி எழுத முடியும் என்று தெரிந்துகொள்வதற்காகச் சொன்னேன்.

எதைப் பற்றி எழுத என்று கேட்காதீர்கள். பக்கத்துத் திருவாலங்காட்டில் 1905இல் ராஜேந்திர சோழன் செப்பேடுகள் கிடைத்தன. முறையாகப் படித்துப் பதிப்பாக வர 1920 ஆனது. சோழப் படைத்தலைவன் நரலோகவீரனை மணவில் ஊரின் தலைவன் என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்த மணவில் நம் மணவூர்தான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். நம் ஸ்டேஷன் வழியாகப் போகும் தண்டவாளம் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலின் பாதை. அந்தப் பாதையை நம்பி நம் ஊர்களில் யார் யார் வந்து குடியேறினார்கள்? யாராவது தேடட்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேடுகள் இருக்கின்றன. 1858க்குப் பிறகு இனாம் கமிஷன் ஊர் ஊராக விசாரித்து எழுதியவை. எந்தப் பள்ளிவாசலுக்கு, எந்த தர்காவுக்கு, எந்த காஜிக்கு எவ்வளவு நிலம், யார் கொடுத்தது என்று அவற்றில் பார்க்கலாம். காலையில் இங்கே மின்சார ரயில் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். வக்ஃபு நிலத்துக்கு வழக்கு வந்த பிறகு வக்கீல் தேடும் காகிதமும் பல நேரம் இதுதான். பிள்ளை முன்கூட்டியே தேடி எடுத்து அடிக்குறிப்போடு அச்சில் வைத்திருந்தால், எங்கே தேடுவது என்றாவது வக்கீலுக்குத் தெரியும்.

அறக்கட்டளை நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. அந்த 3,500 ரூபாயை அந்தத் தம்பிக்கே கொடுங்கள். காப்பகத்துக்குப் போகும் ரயில் சீசனுக்கும், நகல் எடுக்கும் கட்டணத்துக்கும், தெலுங்குப் பத்திரத்தைப் படித்துச் சொல்பவருக்கும் கொடுங்கள். நேற்று அவரிடம் பேசினேன், சம்மதித்துவிட்டார். கட்டுரை அச்சாகவில்லையே என்று ஆறு மாதத்தில் கணக்குக் கேட்காதீர்கள். ஒரு தடவை திரும்பி வரும், ஒருவேளை இரண்டு தடவை. அதைத் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள்.

வீட்டில் பழைய பத்திரம், நிக்காஹ் காகிதம், கடைக் கணக்கு நோட்டு, பர்மா, சிலோனிலிருந்து வந்த கடிதம் எது இருந்தாலும், வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளைகள் உங்கள் கண்முன்னே போனில் படம் எடுத்துக்கொண்டு அசலை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே லேமினேஷன் போட்டது இருந்தால் அப்படியே கொண்டு வாருங்கள், பிரிக்கப் பார்க்காதீர்கள். இனிமேல் எதற்கும் லேமினேஷன் போடாதீர்கள். துணியில் சுற்றிக் கரையான் ஏறாத இடத்தில் வையுங்கள், போதும்.