கலெஹோ எங்கே, ஐயா?

நேற்று இதே மேடையில் ஒரு பெரியவர், வீரர்கள் கதையில் ஆணுக்கு ஆண் ஆசையைத் தேடாதீர்கள், அது இந்தக் காலத்து வியாதி என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

கலெஹோ எங்கே, ஐயா?

ஆர்தர் மன்னனின் வீரன் லான்சலாட்டைத் தெரியும். ஆர்தரின் ராணி கினிவியரைத் தெரியும். 13ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு உரைநடைக் கதையில் வரும் கலெஹோவை எந்தச் சிறுவர் புத்தகத்தில் பார்த்தீர்கள்? ஆர்தரின் நாட்டைப் பிடிக்கப் பெரும்படையோடு வந்தவன் அவன். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில். எதிரணியில் கறுப்புக் கவசத்தில் சுழன்ற லான்சலாட்டைப் பார்த்தான், தீர்ந்தது கதை! இன்றிரவு என் கூடாரத்தில் தங்கு, கேட்டதைத் தருகிறேன் என்றான். ஜெயிக்கிற நேரத்தில் ஆர்தரிடம் சரணடை என்றான் லான்சலாட். அடைந்தான்! இங்கே ஒரு வார்டு கவுன்சிலரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்கள்.

கூடாரத்தில் தங்கிய அந்த இரவு லான்சலாட் தூங்கியபின் ஓசையில்லாமல் போய் அவன் பக்கத்தில் படுத்தான். அந்தக் காலத்தில் கட்டிலுக்குப் பஞ்சம் என்பார்கள் பண்டிதர்கள். பஞ்சமா? தனித்தனிக் கட்டில் போட்டிருந்ததைக் கதைக்காரனே சொல்கிறான்!

லான்சலாட்டின் மனம் ராணியிடம் என்று தெரிந்ததும், அவர்களின் முதல் முத்தத்துக்கு வழி செய்தவனும் இதே கலெஹோதான். இத்தாலியக் கவி தாந்தே அவனைத் தூது போனவனாக மட்டும் நினைவில் வைத்தார். லான்சலாட் செத்தான் என்ற பொய்ச் செய்தி கேட்டு உருகிச் செத்தவன் அவன். கடைசியில் லான்சலாட் எங்கே புதைக்கப்பட்டான்? ராணியோடா? தன் கோட்டையில், கலெஹோவின் கல்லறையில்!

1485இல் காக்ஸ்டன் அச்சிட்ட மலோரியின் ஆங்கில ஆர்தர் கதை நூலைப் புரட்டுங்கள். லான்சலாட் அதே கோட்டையில் புதைக்கப்படுகிறான். பக்கத்தில் கலெஹோ இல்லை. கல்லறைக்குள்ளிருந்தே ஒருவனைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, எங்கள் கதையில் அப்படி யாரும் இல்லை என்கிறீர்களே, வெட்கமாக இல்லை?

அந்தக் காலத்தவருக்கு இந்த ஆசையே தெரியாது என்கிறார்கள். மாரி த பிரான்ஸ் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய லான்வல் கதையில், தன் ஆசைக்கு இணங்காத வீரனைப் பார்த்து, உனக்குப் பையன்கள்தானே பிடிக்கும் என்று ராணி ஏசுகிறாள். வசைதான், மறுக்கவில்லை. ஊருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி எவளாவது ஏசுவாளா?

கதையை விடுங்கள். 1391இல் கான்ஸ்டாண்டிநோபிள் அருகே க்ளான்வோ என்ற ஆங்கில வீரர் இறந்தார். தோழர் நெவில் சோறு தண்ணீர் வேண்டாமென்று கிடந்து சில நாளில் இறந்தார். எழுதி வைத்தவர் வெஸ்ட்மின்ஸ்டர் துறவி ஒருவர். இருவருக்கும் ஒரே கல்; கேடயங்களில் தம்பதிக்குச் செய்வதுபோல் இரு குடும்பச் சின்னங்களையும் இணைத்திருக்கிறார்கள். இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவர்களையும் உடன் வேலை பார்த்தவர்கள் என்பீர்களோ?

பதிப்பாளர்கள் யாராவது வந்திருந்தால் கேளுங்கள். கலெஹோ இல்லாத லான்சலாட்டை எனக்கு மதிப்புரைக்கு அனுப்பாதீர்கள். பிரிக்காமல் திரும்பி வரும். தபால் செலவும் உங்கள் தலையில்தான்.