மகுடத்துக்குப் பின்னால் இருக்கும் கைகள்



தொலைக்காட்சியில் ஒரு முடிசூட்டு விழாவைப் பார்க்கிறோம். கண் மகுடத்தின் மேல் இருக்கிறது, மனமோ வேறு கேள்விகளைக் கேட்கிறது. அந்த மகுடம் எவ்வளவு கனம்? மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் வீரருக்குத் தலை சுற்றாதா? விடியற்காலையே வந்து உட்கார்ந்த விருந்தினர்கள் பசிக்கு என்ன செய்வார்கள்? அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அரசருக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

இப்படிக் கேட்பதை வெறும் வம்பு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பிரிட்டிஷ் அரச விழாக்களின் கதையைப் படித்துப் பாருங்கள். மக்கள் உள்ளே எட்டிப் பார்க்க ஆசைப்பட்டதும், அதற்காக வற்புறுத்தியதும் அந்த விழாக்களையே மாற்றியிருக்கின்றன. இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

1838-ஆம் ஆண்டுக்குப் போவோம். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் விக்டோரியா மகாராணிக்கு முடிசூட்டு விழா. ராணிக்கு 19 வயது. ஐந்து மணி நேரம் நீண்ட அந்த விழாவுக்கு முழுமையான ஒத்திகை நடக்கவில்லை. சுண்டுவிரலுக்கு அளவெடுத்துச் செய்த மோதிரத்தைப் பேராயர் அடுத்த விரலில் திணித்துவிட்டார். அதைக் கழற்ற ராணி பட்ட பாடு அவருடைய நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது. ஒரு பிஷப் புத்தகத்தில் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டி, சடங்கு முடிந்தது என்று சொல்லிவிட்டார். எழுந்து போன ராணியைத் திரும்ப அழைத்துவர வேண்டியதாயிற்று. மரியாதை செலுத்த வந்த முதியவரான ரோல் பிரபு படிகளில் தடுமாறி உருண்டு விழுந்தார். ராணி தாமே எழுந்து அவரை நோக்கி நடந்தார்.

இத்தனை குளறுபடிகளையும் பார்த்தவர்கள் அபேக்குள் இருந்தவர்கள் மட்டும்தான். வெளியே தெருவில் நின்ற லட்சக்கணக்கானவர்கள் பார்த்தது ஊர்வலத்தை. உள்ளே நடந்ததை மறுநாள் செய்தித்தாளில்தான் படித்தார்கள். பார்க்கும் கண்கள் குறைவாக இருந்தவரை, பிழையில்லாமல் நடத்தியாக வேண்டும் என்ற நெருக்கடியும் குறைவாகவே இருந்தது.

அந்த நிலையை மாற்றியதில் வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. 1923 ஏப்ரல் மாதம் யார்க் கோமகனுக்கு அதே அபேயில் திருமணம். பிபிசி தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. திருமண வழிபாட்டை ஒலிபரப்ப அனுமதி கேட்டார்கள். தேவாலயம் மறுத்துவிட்டது. ஆண்கள் மதுக்கடையில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கொண்டு புனிதமான வழிபாட்டைக் கேட்பார்களே என்பது அன்று எழுந்த கவலை. ஆனால் கேட்க வேண்டும் என்ற ஆவல் மக்களிடம் வளர்ந்துகொண்டே போனது. 1934-இல் கென்ட் கோமகனின் திருமணம் வானொலியில் வந்தது. 1937 மே 12 அன்று, எந்த யார்க் கோமகனின் திருமணத்தை ஒலிபரப்பத் தடை விதித்தார்களோ அவரே ஆறாம் ஜார்ஜ் மன்னராக முடிசூடினார். அந்த வழிபாடு வானொலி வழியாக உலகம் முழுவதும் போனது. திரைப்படக் கேமராக்களும் அபேக்குள் நுழைந்தன. எடுத்த படத்தில் வேண்டாததை வெட்டும் உரிமை பேராயரிடமும், விழாவுக்குப் பொறுப்பான ஏர்ல் மார்ஷலிடமும் இருந்தது.

அன்று உள்ளே என்னென்ன நடந்தது என்று ஆறாம் ஜார்ஜே பிறகு எழுதி வைத்தார். உறுதிமொழி வாசிக்கும்போது, புத்தகத்தைப் பிடித்திருந்த பேராயரின் கட்டைவிரல் வாசிக்க வேண்டிய சொற்களையே மறைத்துக்கொண்டிருந்தது. ஒரு பிஷப் மன்னரின் அங்கியை மிதித்து நின்றதால் அவர் விழப் பார்த்தார். மகுடத்தின் முன்பக்கம் எது என்று தெரிவதற்காகச் சிவப்பு நூல் ஒன்று கட்டியிருந்தார்கள். யாரோ அதை எடுத்துவிட்டார்கள். பேராயர் மகுடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. வானொலியில் கேட்டவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் கேட்டது பாடலையும் பிரார்த்தனையையும் மன்னரின் குரலையும்தான். திக்கிப் பேசும் சிரமம் இருந்த அந்த மன்னர், பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு உலகத்தின் முன்னால் உறுதிமொழியைச் சொல்லி முடித்தார். அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த உழைப்பை அறிந்தபோது மக்களுக்கு அவர்மேல் மதிப்பு கூடியது.

அடுத்து வந்தது 1953. எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா. இப்போது தொலைக்காட்சி தயாராக இருந்தது. அமைச்சரவையும் பேராயரும் தயங்கினார்கள். அபேக்குள் முக்கியச் சடங்குகளை நேரடியாகக் காட்டுவதில்லை என்று 1952 அக்டோபரில் அறிவித்தார்கள். மக்களும் பத்திரிகைகளும் கொதித்தெழுந்தன. பிரபுக்களுக்கு அபேக்குள் இடம், எங்களுக்குக் கதவுக்கு வெளியேதான் இடமா என்று சாதாரண மக்கள் கேட்டார்கள். டிசம்பரில் முடிவு மாறியது. எண்ணெய் பூசும் சடங்கையும் திருவிருந்தையும் காட்டக் கூடாது, முகத்தை மிக நெருக்கத்தில் காட்டக் கூடாது என்ற நிபந்தனைகளோடு கேமராக்கள் உள்ளே போயின. 1953 ஜூன் 2 அன்று பிரிட்டனில் மட்டும் 2 கோடிக்கும் மேற்பட்டோர் அந்த விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

இத்தனை கோடிக் கண்கள் பார்க்கப் போகின்றன என்றதும் ஒத்திகை எப்படி மாறியது என்று கவனியுங்கள். அபேயைப் பல மாதங்கள் மூடி, 8,000-க்கும் மேற்பட்டோர் உட்காரும்படி உள்ளே அடுக்கடுக்காக இருக்கைகள் அமைத்தார்கள். அங்கு நடந்த ஒத்திகைகளில் ராணியின் இடத்தில் நார்ஃபோக் கோமகள் நின்று ஒவ்வோர் அடியையும் நடந்து காட்டினார். ராணி அரண்மனையில் தோளில் படுக்கைவிரிப்புகளைக் குத்திக்கொண்டு, நீண்ட அங்கியோடு நடப்பதற்குப் பழகினார். மகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டே அன்றாட வேலைகளைச் செய்து பார்த்தார். குழந்தைகளைக் குளிப்பாட்டும் நேரத்தில் அம்மா மகுடத்தோடு வந்து நின்றதைச் சார்லஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். முடிசூட்டும் தருணத்தில் மட்டும் அணியும் புனித எட்வர்டின் மகுடம் ஏறக்குறைய 2.2 கிலோ. கழுத்து அதைத் தாங்க வேண்டும், முகத்தில் சிரமம் தெரியக் கூடாது.

அன்று ராணி உடுத்திய ஆடையை நார்மன் ஹார்ட்னெல் வடிவமைத்தார். காமன்வெல்த் நாடுகளின் மலர்களை அதில் பூவேலையாகத் தைத்திருந்தார்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தாமரை. யாரிடமும் சொல்லாமல் ஹார்ட்னெல் இடது பக்கத்தில் ஒரு நான்கிலை சாம்ராக்கையும் சேர்த்திருந்தார். அது அதிர்ஷ்டத்தின் அடையாளம். ராணியின் கை தொங்கும்போது அந்த இலையைத் தொட வேண்டும் என்று அவர் விரும்பினார்.

ராணியின் பின்னங்கியைத் தாங்கிச் சென்ற ஆறு இளம்பெண்களின் கையுறைக்குள், மயக்கம் வந்தால் முகர்ந்துபார்க்க மருந்து ஒளித்து வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஆன் கிளென்கானர், தான் மயங்கி விழ இருந்ததைப் பிறகு சொல்லியிருக்கிறார். பிரபுக்களில் சிலர் தங்கள் சிறு மகுடங்களுக்குள் சாண்ட்விச் மறைத்துக் கொண்டுவந்தார்கள். எவ்வளவு ஒத்திகை பார்த்தாலும் ஏதாவது விட்டுப்போகும் அல்லவா? கம்பளத்தின் இழைகள் ராணி நடக்கும் திசைக்கு எதிராகப் படிந்திருந்தன. கனமான உடை அதில் சிக்கி, ஒரு கணம் அவரால் அடியெடுத்து வைக்கவே முடியவில்லை. 65 ஆண்டுகள் கழித்து, 2018-இல் ஓர் ஆவணப்படத்தில் ராணியே இதைச் சொன்னார். கல்யாண வீட்டின் அழகு சமையல்கட்டுக்குள் போய்ப் பார்த்தால்தான் முழுதாகத் தெரியும் என்பது போல, அந்தப் படத்தைப் பார்த்த பிறகு 1953-இன் விழா எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

சில சமயம் ஒரு விபத்தே மரபாகிவிடுகிறது. 1901 பிப்ரவரி 2. விக்டோரியாவின் உடலைத் தாங்கிய பீரங்கி வண்டி வின்ட்சர் ரயில் நிலையத்தில் நிற்கிறது. கடும் குளிர். குதிரைகள் வெகுநேரம் காத்திருந்தன. புறப்படும்போது அவற்றை வண்டியோடு பிணைத்திருந்த பகுதி உடைந்துவிட்டது. அணிவகுப்பில் நின்ற கடற்படை மாலுமிகள் கயிறுகளைக் கட்டித் தாங்களே வண்டியை இழுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு அரசர்களின் இறுதி ஊர்வலத்தில் மாலுமிகள் இழுப்பதே வழக்கமாயிற்று. 2022 செப்டம்பர் 19 அன்று எலிசபெத் ராணியின் இறுதி ஊர்வலத்தில் 142 மாலுமிகள் அந்த வண்டியை இழுத்ததைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன், ஊரடங்கிய நடுநிசிக்குப் பிறகு லண்டன் தெருக்களில் அணிவகுப்புகளை ஒத்திகை பார்த்தார்கள். ஈயத் தகடு பதித்த கனமான பெட்டியை எட்டு இளம் வீரர்கள் தோளில் சுமந்து, படிகளில் ஏறி இறங்கினார்கள். ஒரு காலும் இடறவில்லை. உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில் அவர்கள் தோள்களில் இருந்த பாரம் எத்தகையது!

2023 மே 6. சார்லஸ் மன்னரின் முடிசூட்டு விழா. நீலநிற உடையில் ஒரு பெண் பெரிய வாளை நிமிர்த்திப் பிடித்து நின்றாரே, நினைவிருக்கிறதா? அவர் பெனி மார்டன்ட், அன்று அமைச்சர். அந்த அரச வாள் ஏறக்குறைய 3.6 கிலோ. கனமான மாதிரி வாளை வைத்துப் பயிற்சி எடுத்ததையும், விழாவுக்கு முன் வலிநிவாரணி மாத்திரை விழுங்கியதையும் அவர் பின்னர் சொன்னார். அந்தச் செய்தி வெளிவந்ததால் யாருக்கும் மதிப்பு குறையவில்லை. கம்பீரம் என்று நாம் நினைத்ததற்குப் பின்னால் ஒரு மனித உடலின் பொறுமை இருந்தது என்று தெரிந்தது.

நேயர்களே, திரைக்குப் பின்னால் இருப்பது ஒத்திகையும் உடையும் மட்டுமா? ஒரு கணக்குச் சீட்டும் இருக்கிறது. 2023 விழாவுக்கு அரசு செலவிட்டது மொத்தம் 7 கோடியே 20 லட்சம் பவுண்டு என்று 2024 நவம்பரில் வெளியானது. அதில் 2 கோடியே 17 லட்சம் காவல் பாதுகாப்புக்கு. வரி கட்டுகிறவர்களின் பணம் இது. விழா நாளன்று மன்னராட்சி வேண்டாம் என்று லண்டனில் போராட வந்தவர்களைக் காவல்துறை கைது செய்ததும், அவர்களில் சிலரைப் பிறகு வழக்கில்லாமல் விடுவித்ததும் அதே நாளின் கதைதான். கேமரா மகுடத்தின் மேல் நிலைத்திருந்த நாளில் தெருவில் நடந்தது இது. எட்டிப் பார்க்கும் ஆவல் இதையும் கேட்க வேண்டும். யார் உழைத்தார், யார் செலவழித்தார், யார் வாயடைக்கப்பட்டார் என்று கேட்பது குடிமகனின் உரிமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரைக்குப் பின்னால் என்று நமக்குக் காட்டப்படுவதும் தேர்ந்தெடுத்துக் காட்டப்படுவதுதான். 1969-இல் 'ராயல் ஃபேமிலி' என்ற ஆவணப்படத்துக்காக அரச குடும்பம் தன் வீட்டுக் கதவையே திறந்தது. பிரிட்டன் மக்கள்தொகையின் பெரும்பகுதி அதைப் பார்த்தது. சில ஆண்டுகளுக்குப் பின் அந்தப் படம் பொதுப்பார்வையிலிருந்தே மறைந்துபோனது. கதவைத் திறப்பவர் கையில்தான் தாழ்ப்பாளும் இருக்கிறது. அதனால் காட்டியதைப் பார்த்து மகிழும்போதே, காட்டாதது எது என்றும் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டுமா? இங்கே நான் ஓர் எல்லை வகுக்கிறேன். 2023 விழாவில் மன்னர் மேலங்கிகளைக் களைந்து வெறும் சட்டையோடு அமர்ந்தார். பூவேலை செய்த திரைகளை அவரைச் சுற்றி நிறுத்தினார்கள். அவற்றில் தைத்திருந்த மரத்தில் காமன்வெல்த்தின் 56 நாடுகளுக்கும் ஒவ்வோர் இலை. உள்ளே பேராயர், எருசலேமில் புனிதமாக்கிய எண்ணெயைப் பூசினார். ஜப்பானில் 2019 நவம்பரில் நருஹிதோ பேரரசர் புதிய அறுவடை அரிசியைத் தெய்வங்களுக்குப் படைத்த இரவுச் சடங்கையும் யாருக்கும் காட்டவில்லை. ஒரு மனிதர் தம் நம்பிக்கையின் முன்னால் தனியாக நிற்கும் நேரம் அது. அவர் அரசராக இருந்தாலும் அந்தத் தனிமை அவருக்கு உரியது. பிரார்த்தனையையும் துக்கத்தையும் அவரிடமே விட்டுவிடுவோம். உழைப்பையும் செலவையும் முடிவுகளையும் திறந்து காட்டும்படி கேட்போம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு போடத் தெரிந்துவிட்டால் நம் ஆவல் வம்பாகாது, பொறுப்பாகிவிடும். 1923-இல் மூடியிருந்த கதவு 1937-இலும் 1953-இலும் திறந்ததற்குக் காரணம், சாதாரண மக்கள் தங்களுக்கும் அங்கே இடமுண்டு என்று விடாமல் சொன்னதுதான். அதனால் விழா கெட்டுப்போகவில்லை. மோதிரம் தவறான விரலில் ஏறிய காலம் போய், அடிக்கு அடி ஒத்திகை பார்க்கும் காலம் வந்தது. அடுத்த முறை ஓர் அரச விழாவைப் பார்க்கும்போது உங்கள் மனத்தில் எழும் கேள்விகளை அடக்காதீர்கள். வாளைப் பிடித்திருப்பவரையும், ஆடையைத் தைத்தவரையும், வண்டியை இழுப்பவரையும் பற்றிக் கேளுங்கள். பெயர் தெரியாத அந்தக் கைகள்தான் மகுடத்தைத் தாங்குகின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ள விரும்புவது, அவற்றுக்கு நாம் செய்யும் மரியாதை.